‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று திரை அலறினால்
கணினி கேள்வி-பதில்

சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை: வைரஸ் பிடித்துவிட்டதாக மிரட்டிப் பணம் கேட்கும் போலி ஆண்டிவைரஸ். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இதில் நான்கு வகை உண்டு. வெறும் வலைப்பக்கம் ஒன்று. பிரௌசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து விழும் அறிவிப்பு இன்னொன்று. மூன்றாவது, கணினியிலேயே உட்கார்ந்துவிட்ட மென்பொருள். நான்காவது, தொலைவிலிருந்து ஆளே உள்ளே நுழைந்துவிடுவது. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கைவைத்தால் நேரமும் வீண், சில சமயம் பணமும் வீண்.

அம்மா மடிக்கணினியில் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. விண்டோஸ் சின்னம், ஒரு தொலைபேசி எண், ‘கணினியை அணைத்தால் தகவல் எல்லாம் அழிந்துவிடும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். மவுஸ் அம்புக்குறியைக்கூடக் காணோம். என்ன செய்வது? — வாசகி, உட்லண்ட்ஸ்

பயப்பட வேண்டாம், இது வைரஸ் அல்ல. பிரௌசரை முழுத்திரைக்குக் கொண்டுபோய், அம்புக்குறியை மறைத்து, ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். யூடியூப் காணொளி திரையை நிரப்புவது எந்த வசதியாலோ அதே வசதியைத்தான் இதுவும் பயன்படுத்துகிறது. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே போலி என்று முடிவு கட்டிவிடலாம்.

எஸ்கேப் விசையை இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தட்டிவிட்டு எடுத்தால் சில பக்கங்கள் அதைத் தாங்களே விழுங்கிவிடும், பிடித்திருந்தால் முழுத்திரை கலைந்துவிடும். பிறகு ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தி ஜன்னலை மூடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட். இந்த மூன்று விசைக் கூட்டை எந்த வலைப்பக்கமும் பறிக்க முடியாது, அது நேராக விண்டோஸுக்கே போய்ச் சேரும். வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, குரோம் அல்லது எட்ஜ் எது திறந்திருக்கிறதோ அதைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். எதுவுமே நடக்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். சேமிக்காமல் திறந்து வைத்த ஆவணம் ஏதும் இருந்தால் அது போகும். படங்களும் கோப்புகளும் அழியும் என்பது பொய்.

பலர் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. பிரௌசரை மறுபடி திறந்ததும் ‘முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று மூடுங்கள். மீட்டால் அதே சிவப்புப் பக்கம்தான் முதலில் வந்து நிற்கும்.

அடுத்து டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பாருங்கள். அன்றைய தேதியில் தெரியாத கோப்பு இருந்தால் திறக்காமல் அழியுங்கள். அம்மா எண்ணை அழைக்கவில்லை, எதையும் இறக்கித் திறக்கவில்லை என்றால் வேறொன்றும் செய்யத் தேவையில்லை. மனநிறைவுக்கு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு ‘குவிக் ஸ்கேன்’ ஓட்டிக்கொள்ளுங்கள். சமையல் தளத்தின் மீதும் கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் அங்கே வாடகைக்கு விடப்பட்ட விளம்பர இடத்தின் வழியாகத்தான் இது வருகிறது.

எட்ஜ் பயன்படுத்துவோருக்கு ஒரு நல்ல செய்தி. இப்படித் திரையைப் பிடித்துக்கொள்ளும் பக்கங்களைக் கண்டு நிறுத்தும் ‘ஸ்கேர்வேர் பிளாக்கர்’ அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டி, இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள்’ என்று வருகிறது. ஆனால் நான் எந்த ஆண்டிவைரஸும் வாங்கியதே இல்லை. இரண்டு முறை ஸ்கேன் செய்தும் ஒன்றும் அகப்படவில்லை. — வாசகர், செங்காங்

ஸ்கேனில் அகப்படாததற்குக் காரணம், அகப்பட அங்கே ஒன்றும் இல்லை என்பதே. ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்த அலோ அழுத்துங்கள்’, ‘படம் பார்க்க அலோ அழுத்துங்கள்’ என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். ஒருமுறை அலோ கொடுத்தால் போதும். பிறகு அந்தத் தளத்தை மூடினாலும், பிரௌசர் பின்னணியில் ஓடும் வரை அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறை வரும்போது நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆண்டிவைரஸ் பெயர் இருக்கும். சிறிய எழுத்தில் ‘கூகல் குரோம்’ என்றும், பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு இணைய முகவரியும் இருக்கும். அந்த முகவரிதான் அனுப்புகிறவர்.

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். எட்ஜில் மெனு அவ்வப்போது இடம் மாறுவதால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று தட்டுவதே சுலபம். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். தெரியாத ஒவ்வொன்றையும் ‘பிளாக்’ செய்யுங்கள். ‘ரிமூவ்’ என்றால் பட்டியலிலிருந்து பெயர் போகும், ஆனால் அடுத்த முறை அதே தளம் மறுபடி அனுமதி கேட்கலாம். பிளாக் செய்தால் கேட்கவும் முடியாது. அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக்கூடாது என்ற தெரிவும் உண்டு. வீட்டுக் கணினிக்கு அதையே பரிந்துரைக்கிறோம். வீட்டில் மூவருக்கு மூன்று புரொஃபைல் இருந்தால் மூன்றிலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோமிலும் இதே பட்டியல் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் சோதனைக்கால ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டே விற்பார்கள். அதன் காலம் முடிந்தால் வரும் நினைவூட்டல் உண்மையானது. அதற்காகப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் அதை அன்இன்ஸ்டால் செய்தால், விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இலவசமாக ஒரு பிடிஎஃப் மென்பொருளை இறக்கினேன். அன்றிலிருந்து ஒரு ‘பாதுகாப்பு’ மென்பொருள் தானாகத் திறந்து, 20 விநாடியில் 347 பிரச்சினை என்கிறது. 89 வெள்ளி கட்டினேன். மறுநாள் இன்னும் 212 என்கிறது. அன்இன்ஸ்டால் செய்தாலும் திரும்ப வருகிறது. — வாசகர், தெம்பனிஸ்

முதலில் பணத்தைப் பார்ப்போம். உங்கள் அட்டை எண் இப்போது அவர்களிடம் இருக்கிறது. பெரும்பாலும் ஆண்டுதோறும் தானாகப் பிடிக்கும் சந்தாவாகவும் அது பதிவாகியிருக்கும். அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து, அட்டையை ரத்து செய்து புது அட்டை கேளுங்கள். அந்தக் கட்டணத்தை மறுத்து முறையீடும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ரசீது மின்னஞ்சலையும் திரையின் படத்தையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

இது போலிதான் என்பதற்கு நீங்கள் சொன்ன 20 விநாடியே சாட்சி. விண்டோஸ் கணினி ஒன்றில் சில லட்சம் கோப்புகள் இருக்கும். அத்தனையையும் 20 விநாடியில் எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது. முழு ஸ்கேன் என்றால் மணிக்கணக்கில் ஓடும். 347 என்ற எண்ணும் ஒரு வித்தை: சாதாரண குக்கீகளையும் தற்காலிகக் கோப்புகளையும் விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பழைய பதிவுகளையும் ‘ஆபத்து’ என்று எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். நேர்மையான ஆண்டிவைரஸ் எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, வைரஸின் பெயர் என்ன என்று காட்டும். கண்டுபிடிப்பது இலவசம், நீக்குவதற்குக் காசு என்று முதல் நாளே கழுத்தைப் பிடிக்காது. இன்னொரு சோதனையும் செய்யலாம். விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்ற இடத்தில், விண்டோஸிடம் முறைப்படி பதிவு செய்துகொண்ட ஆண்டிவைரஸ்களின் பெயர் இருக்கும். உங்கள் மென்பொருள் அங்கே இல்லை என்றால் சந்தேகம் உறுதியாகிறது.

அகற்றும் வேலைக்கு ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள். வைஃபையைத் துண்டியுங்கள், ஏனென்றால் அழித்த பகுதியை இணையம் வழியாக மீண்டும் இறக்கிக்கொள்வதுதான் இவை திரும்பி வரும் வழிகளில் ஒன்று. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பிடிஎஃப் மென்பொருள் வந்த அதே நாளில் வேறு என்னென்ன வந்தன என்று தெரியும். வானிலை காட்டுவது, டிரைவர் புதுப்பிப்பது, கூப்பன் தருவது என்று இரண்டு மூன்று கூட்டாளிகள் இருப்பார்கள். ஒன்றை மட்டும் நீக்கினால் மிச்சமிருப்பது அதைத் திரும்பக் கொண்டுவரும். பிடிஎஃப் மென்பொருள் உட்பட அத்தனையும் போக வேண்டும். நீக்கும்போது வரும் கேள்விகளை அவசரப்படாமல் படியுங்கள். ‘பாதுகாப்பைத் தொடர்க’ என்று பெரிய பச்சைப் பொத்தானும், ‘நீக்கு’ என்று மங்கிய சிறு எழுத்தும் வைத்திருப்பார்கள்.

‘மென்பொருள் இயங்குகிறது, நீக்க முடியாது’ என்று வந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதன் பெயர் மீது வலது கிளிக் செய்து, முதலில் ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்து அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் ‘எண்ட் டாஸ்க்’. உடனே உயிர்த்தெழுந்தால், விண்டோஸ் அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டியதுதான். ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், கடைசியில் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். போகும் வழியில், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு தடங்கலும் உண்டு: சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை ஓடாது. அதை நம்பியிருக்கும் மென்பொருள்கள் அங்கே அன்இன்ஸ்டால் ஆகாமல் பிழை காட்டும். அப்படியானால் சேஃப் மோடில் குறித்து வைத்த கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுச் சாதாரண முறைக்குத் திரும்புங்கள். பெயர் மாறியதால் அது எழ முடியாது. பிறகு கோப்புறைக்குப் பழைய பெயரைக் கொடுத்து, அது கிளம்புவதற்குள் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம்.

இனி மறைவிடங்கள். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதியில் தெரியாததை முடக்குங்கள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, அந்த மென்பொருளின் பெயரிலோ அதே கோப்புறையைச் சுட்டியோ இருக்கும் வேலைகளை நீக்குங்கள். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். பிரௌசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு, தேடுபொறியும் முகப்புப் பக்கமும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் செட்டிங்ஸின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ‘இந்தக் கோப்புறையைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் இடம் அது. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் உடனே நீக்குங்கள். இதை விட்டுவிட்டு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பயனில்லை.

இப்போது இணையத்தை இணைத்து, டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலைப் புதுப்பித்து, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள், கணினி உடனே மறுதொடக்கமாகும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே இந்த ஸ்கேன் ஓடுவதால், கெட்ட மென்பொருளுக்கு விழித்துத் தன்னை மறைத்துக்கொள்ள வாய்ப்பில்லை. சுமார் 15 நிமிடம் ஆகும். அதன்பின் மால்வேர்பைட்ஸ் தரும் ‘அட்வ்கிளீனர்’ என்ற இலவசக் கருவியை, அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பிலிருந்து இறக்காதீர்கள். அந்த இணைப்புகளிலும் போலிகள் உண்டு. ராத்திரி தூங்கப் போகும்போது ‘ஃபுல் ஸ்கேன்’ ஓடவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு இணையமே வேலை செய்யவில்லை என்றால் கலங்க வேண்டாம். போலி மென்பொருள் பிராக்ஸி முகவரி (இணையத் தொடர்பை இடையில் திருப்பிவிடும் முகவரி) ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி போய், கைமுறை பிராக்ஸியை அணையுங்கள். டிஃபெண்டரைத் திறக்கவே முடியவில்லை, அல்லது சொந்தக் கணினியிலேயே ‘இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருகிறது என்றால், கையால் சுத்தம் செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி வழியாக ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று தேர்ந்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள்.

அப்பா திரையில் வந்த எண்ணை அழைத்துவிட்டார். அவர்கள் சொன்னபடி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டு, வங்கிக் கணக்கிலும் நுழைந்திருக்கிறார். ‘நல்ல மனிதர்கள், உதவி செய்கிறார்கள்’ என்று இன்னமும் சொல்கிறார். — வாசகி, ஜூரோங் வெஸ்ட்

இதைப் படிக்கும்போது இதே நிலையில் யாராவது இருந்தால், மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலை எதையும் இப்போது தொடாதீர்கள். முதலில் ரூட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள் அல்லது கணினியை அணையுங்கள். அடுத்த நிமிடமே வேறொரு கைப்பேசியில் வங்கியை அழைத்து, கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பல வங்கிச் செயலிகளில் கணக்கை நீங்களே உடனடியாக முடக்கும் அவசரப் பொத்தானும் உண்டு. பிறகு 1799. இது மோசடி பற்றி ஆலோசனை கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். இணையம் வழியாகவோ அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். எனிடெஸ்க் குற்றமில்லாத மென்பொருள், அலுவலகங்களில் தினமும் பயன்படுவது. ஆனால் அதன் இணைப்பு எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான்.

கடவுச்சொற்களைக் கட்டாயம் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதான். பிறகு அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ், வங்கி. மின்னஞ்சல் செட்டிங்ஸில் தெரியாத முகவரிக்கு அஞ்சலைத் திருப்பிவிடும் விதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா 55 வயதைத் தாண்டியவர் என்றால், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் தளத்தில், பணம் எடுப்பதைத் தடுக்கும் பணமீட்புப் பூட்டைப் போட்டுவிடுங்கள். பிரௌசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அத்தனையும் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணினிக்கு முழு ரீசெட் தவிர வேறு வழி சொல்ல எங்களுக்கு மனமில்லை. திரைக்குப் பின்னால் அவர்கள் வேறு என்ன நிறுவினார்கள் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது.

அப்பா நம்ப மறுப்பது புதிதல்ல. அவரைக் கடிந்துகொண்டால் அடுத்த அழைப்பை உங்களிடம் மறைப்பார். 1799-ஐ ஒலிபெருக்கியில் போட்டு அவரையே பேசவிடுங்கள், மூன்றாவது மனிதர் சொன்னால் காதில் ஏறும். அதற்கும் பணத்தை அனுப்பியே தீருவேன் என்றால் கடைசி வழியாகச் சட்டம் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, ஏமாற்றப்படுகிறவரின் கணக்கிலிருந்து பணம் போவதை முதலில் 30 நாள் வரை நிறுத்திவைக்கும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். குடும்பத்தினர் காவல்துறையிடம் போய்ப் பேசுங்கள். சில வாரம் கழித்து ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று இன்னொருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகனின் கற்றல் சாதனத்தில் (பள்ளி மூலம் பெற்ற கணினி) இந்த அறிவிப்பு வந்தால்? — வாசகர், புக்கிட் பாத்தோக்

அறிவிப்பு அனுமதியை மட்டும் நீக்கிப் பாருங்கள். அதற்கு மேல் ரீசெட், அன்இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம் கொடுங்கள்.

மேக் கணினிக்கு இதெல்லாம் வராது என்கிறார்களே? — வாசகி, ஈசூன்

வரும். 2011-லேயே ‘மேக் டிஃபெண்டர்’ என்ற போலி பலரிடம் பணம் பறித்தது. கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் சேர்த்து அழுத்திச் சஃபாரியை ‘ஃபோர்ஸ் குவிட்’ செய்யுங்கள். மறுபடி திறக்கும்போது ஷிஃப்டைப் பிடித்திருந்தால் பழைய பக்கம் வராது. நிறுவப்பட்டுவிட்டது என்றால் அப்ளிகேஷன்ஸிலிருந்து குப்பைக்கு இழுப்பதோடு நிறுத்தாமல், சிஸ்டம் செட்டிங்ஸில் ‘லாகின் ஐட்டம்ஸ்’ பட்டியலையும் பாருங்கள். ‘டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பகுதியில் நீங்கள் அறியாத புரொஃபைல் (அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் கோப்பு) இருந்தால் அதையும் நீக்குங்கள். முகப்புப் பக்கத்தை மாற்றவே விடாமல் பிடித்துவைப்பது அதுதான்.

பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், நான் வாரம் ஒருமுறைதான் போகிறேன். இது மீண்டும் வராமல் என்ன செய்து வைக்கலாம்? காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்க வேண்டுமா? — வாசகர், அங் மோ கியோ

வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அது இயங்கிக்கொண்டிருந்தால். இன்னும் விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முதலில் அதைக் கவனியுங்கள்.

அடுத்த வாரம் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர் பயன்படுத்தும் கணக்கை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ நிலையிலிருந்து ‘ஸ்டாண்டர்டு யூசர்’ நிலைக்கு மாற்றிவிட்டு, அட்மின் கணக்கின் கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கணினி முழுவதையும் தொடும் மென்பொருளை நிறுவ முயன்றால் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும், உங்களுக்கு அழைப்பு வரும். சிலவகை மென்பொருள்கள் அட்மின் இல்லாமலும் பயனரின் கோப்புறைக்குள் புகுந்துகொள்ளும். அதனால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்’ போய், ‘ரெப்யூட்டேஷன்-பேஸ்டு புரொடெக்ஷன்’ செட்டிங்ஸில் வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள், ஆப்ஸ் ஒன்று, டவுன்லோட்ஸ் ஒன்று. டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு மென்பொருள் மாற்றாமல் தடுக்கும் ‘டாம்பர் புரொடெக்ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். பிரௌசரில் அறிவிப்பை முழுக்க மூடிவிட்டு, விளம்பரத் தடுப்பானாக ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ சேருங்கள்.

வங்கிச் சேமிப்பில் அன்றாடச் செலவுக்கு வேண்டாத பகுதியை, வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்த ‘மனி லாக்’ வசதியில் பூட்டிவிடச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை இணையம் வழியாக யாராலும் நகர்த்த முடியாது. பெற்றோர் தாங்களே பழகிக்கொள்ள விரும்பினால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் முகப்புகளில் மூத்தோருக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். கடைசியாக, 1799 என்ற எண்ணையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, திரையின் கீழ் விளிம்பில் ஒட்டிவிட்டு வாருங்கள். சிவப்புத் திரை காட்டும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இவையும் கண்ணில் பட வேண்டும்.